பார்க்காத கடலை வரைந்தவர்கள்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தம் உண்டு, அலைச் சத்தம் கிடையாது. கடல் பார்க்க ரயிலேறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அதனாலோ என்னவோ, கடலோவியம் எதைக் கண்டாலும் என் கால் நின்றுவிடும். வெகுநேரம் நிறுத்தியது 1731 வாக்கில் தீட்டிய சென்னைப் படம்: பின்னால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை, முன்னால் பாய்மரக் கப்பல்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் லண்டன் தலைமையகத்துக்காக வரையச் சொன்ன ஆறு குடியிருப்புப் படங்களில் இதுவும் ஒன்று. நிலமும் கட்டடமும் ஜார்ஜ் லாம்பர்ட்டின் கைவண்ணம். கப்பல்கள் சாமுவேல் ஸ்காட்டுடையவை. இருவரும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

கப்பல்களில் குறை சொல்ல முடியாது. கம்பெனிக் கப்பல்களைத் தேம்ஸ் ஆற்றிலேயே ஸ்காட் பார்த்திருக்கலாம். கடலை மட்டும் அவர் டச்சு ஓவியர்களின் படங்களிலிருந்து கற்றார். வான் டி வெல்டே என்ற தகப்பனும் மகனும் 1672-73 குளிர்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறினார்கள். தகப்பன் சிறு படகில் கடற்போருக்கு நடுவிலேயே போய்க் கோட்டோவியம் தீட்டுவார்; மகன் அதற்கு வண்ணம் கொடுப்பார். படகில் உட்கார்ந்தவரின் கண் நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும். ஆகவே அடிவானம் தாழ்ந்து, படத்தில் பெரும்பகுதி வானமாகிவிடும். அருகிலுள்ள நீரில் மேக நிழல் இருண்டு விழ, அதன் பின்னே ஒரு வெளிச்சப் பட்டை. அந்த வெளிச்சத்தில் கப்பல் எடுப்பாகத் தெரியும். ஒருவரின் பாணி இன்னொருவர் கையில் வந்திருக்கிறதா என்று அறிய ஆய்வாளர்கள் தேடுவது இப்படிப்பட்ட தடயங்களைத்தான்.

ஆனால் அன்றைய சென்னையில் துறைமுகமே இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். உடைந்து விழும் அலை வரிசைகளைத் தாண்டிக் கரை சேர மசூலாப் படகுதான் கதி. அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த படகு மணலில் மோதினால் பிளக்கும். தைத்த படகோ நெளிந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். கப்பலேறி வந்தவர்களை அதிரவைத்த அந்த அலைகளை லண்டனில் இருந்தபடி எப்படி வரைவது?

1792இல் ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் சென்னைக்கே வந்தார்கள். 1797இல் வெளியான அவர்களின் கோட்டைப் படத்தில் நுரை பொங்கும் அலை முன்னுக்கு வந்துவிட்டது. அதில் ஏறி இறங்குகின்றன நம் படகுகள்.