சிறு வணிகர்களுக்கான தொலைபேசி நடத்தை

வணிக அழைப்பை ஏற்பது, பேசுவது, கேட்டதை உறுதி செய்வது, உரையாடலை முடிப்பது ஆகியவற்றில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கே தொலைபேசி நடத்தை எனப்படும். பெரிய நிறுவனங்களில் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் உண்டு. சிறு கடையிலோ கல்லாவில் இருப்பவரே பொருள் எடுத்துக் கொடுத்து, சில்லறை எண்ணி, தொலைபேசியிலும் பேச வேண்டும். அங்கு வாய்ச்சொல்லே ஒப்பந்தம். எனவே பிழையின்றிப் பேசுவது மரியாதையின் முதல் பகுதியாகும்.

பின்னணி

சென்னையில் தொலைபேசி இணைப்பகம் 1882-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டாலும், சிறு வணிகர்களுக்குத் தொலைபேசி எளிதில் கிட்டவில்லை. எஸ்.டி.டி. பூத்துகள் பெருகிய காலத்தில், மீட்டரில் கட்டணம் ஏறுவதைப் பார்த்தபடியே சுருக்கமாகப் பேசினர். இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. இன்று கைப்பேசி இல்லாத கடை அரிது.

அழைப்பை ஏற்றல்

"யாரு?" என்று தொடங்காமல், வணக்கம் கூறிக் கடைப் பெயரைச் சொல்ல வேண்டும். வயது தெரியாதவரை "நீங்க" என்றே பேசுவது முறை. "ஐயா", "அம்மா" எப்போதும் பொருந்தும்; "அண்ணே", "அக்கா" பழகியவர்களுக்கு உரியவை. கடையில் ஆள் நிற்கும்போது அழைப்பு வந்தால், எதிரில் இருப்பவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு எடுக்கலாம். அழைத்தவரிடம் "பத்து நிமிடத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்று கூறினால், அவ்வாறே கூப்பிட வேண்டும்.

ஆர்டரை உறுதி செய்தல்

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் முகூர்த்த நாட்களில் அதன் விலை பல மடங்கு உயரும். இத்தகைய வணிகத்தில் ஒரு சொல் மாறினால் யாராவது ஒருவருக்கு நட்டம். குறிப்பாக மூன்று இடங்களில் கவனம் தேவை:

- எண்: சந்தை இரைச்சலில் "ஒன்பது", "எண்பது" இரண்டும் ஒன்றுபோல் கேட்கும், "இருபது", "அறுபது" என்பவையும் அவ்வாறே. இலக்கங்களைப் பிரித்துச் சொல்வது நல்லது: "எண்பது முழம்; எட்டு, பூஜ்யம்."
- நாள்: "வியாழக்கிழமை ராத்திரி மூணு மணி" என்றால், நம் வழக்கில் வெள்ளி விடிவதற்கு முந்திய நேரம், கடிகாரக் கணக்கில் அது வெள்ளிக்கிழமை. அதிகாலை முகூர்த்தங்களுக்குத் தேதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.
- விலை: இன்றைய விலையா, எடுக்கும் நாளின் விலையா என்பதை அப்போதே பேசி முடிக்க வேண்டும்.

எழுதிக்கொண்டு, முழுவதையும் திரும்பப் படித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்டபின்னரே அழைப்பை முடிக்க வேண்டும். அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால் பின்னர் தகராறு வராது.

துக்க வீட்டு அழைப்புகள்

பூக்கடை, பந்தல், பாத்திர வாடகை, சமையல் ஆகிய தொழில்களுக்குத் திருமண வீட்டிலிருந்தும் அழைப்பு வரும், துக்க வீட்டிலிருந்தும் வரும். ஆகவே எடுத்தவுடன் "என்ன விசேஷம்?" என்று கேட்பது தவறு. "எப்போ, எங்கே வேணும்?" என்று கேட்டால் இரண்டுக்கும் பொருந்தும். துக்கம் எனத் தெரிந்தால் குரலைத் தாழ்த்தி, தேவையானதை மட்டும் கேட்டு, விலையை ஒரே முறையில் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லாதது போலவே, இங்கே "அடுத்த முறையும் நம்ம கடைக்கே வாங்க" என்று முடிக்கக் கூடாது.

பாக்கி கேட்டல்

கடன் பாக்கியை உரியவரிடம் மட்டுமே பேச வேண்டும். வேறொருவர் எடுத்தால், கடைப் பெயரைச் சொல்லித் திரும்ப அழைக்குமாறு கூறினால் போதும். ஒலிபெருக்கியில் போட்டுக் கடையில் உள்ளவர்கள் கேட்கும்படி பாக்கி கேட்பது ஒருவரின் மானத்தைப் பாதிக்கும்; அவர் மீண்டும் கடைப்பக்கம் வரமாட்டார்.

பாதுகாப்பு

மரியாதைக்கும் எல்லை உண்டு. பெரிய ஆர்டர் தருவதாகக் கூறி, பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணை இடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெறப் பின் எண் தேவையில்லை. ஓ.டி.பி. கேட்டாலும் உடனே அழைப்பைத் துண்டிக்கலாம். பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வேண்டாத விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண் உள்ளது.