காட்பாடி வண்டி மாறியது ஏன்?

நம் பல்கலைக் கழகத்தில் பயிலும் தமிழ் மாணவருள் பலர்க்கு ஊர் செல்லும் வழி ஒன்றுதான்: திருப்பதி, சந்திரகிரி, பாகாலா, சித்தூர், காட்பாடி. மொத்தம் 104 கிலோமீட்டர். இவ்வழியில் முன்னாளில் எஞ்சின் இழுத்துச் சென்ற பாசஞ்சர் வண்டிகளின் இடத்தில் இன்று ‘மெமு’ எனப்படும் மின்தொடர் வண்டிகள் ஓடுகின்றன. “பழைய வண்டிக்கு என்ன குறை? அதுவும் போய்ச் சேர்ந்ததே!” என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். இயற்பியல் பயில்பவன் என்ற முறையில் அவருக்கு நான் கூறிய விடையையே இங்கு எழுதுகிறேன்.

முதற்காரணம் முதுமை. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இல் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பைக் கொண்டு வேலையைத் தொடங்கியது. அவ்வகைப் பெட்டிகளே அறுபது ஆண்டுகளுக்கு மேல் நாடெங்கும் ஓடின. ஒரு பெட்டிக்கு வகுத்த ஆயுள் 25 ஆண்டு. தண்ணீர் தேங்கும் கழிப்பறைத் தரையிலும் அதன் அடிப்பகுதியிலும் துரு முதலில் பிடிக்கும். நம் திருப்பதியில் உள்ள பெட்டிப் பழுதுபார்க்கும் பணிமனை போன்ற இடங்களில் அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதிது பொருத்துவர். ஆயினும் ஒட்டுப்போடுவதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா? 2018 ஜனவரியோடு பெரம்பூரில் அப்பழைய வகையைக் கட்டுவதை நிறுத்திவிட்டனர். புதிய மெமு பெட்டிகளின் உடல் துருப்பிடியா எஃகு. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலமாகி உலோகத்தைக் காக்கிறது.

இரண்டாவது காரணம் நுட்பமானது. பாசஞ்சர் வண்டிக்கு வேகமாக ஓடுவதைவிட, நின்று கிளம்புவதே பெரிய வேலை. சக்கரம் வழுக்காமல் வண்டியை உந்த வேண்டுமானால், உந்தும் சக்கரங்களின் மேல் போதிய எடை அழுந்த வேண்டும். மின் எஞ்சின் ஒன்றின் எடை ஏறத்தாழ 113 டன் என்றும், அது இழுக்கும் பத்துப் பெட்டிகள் 400 டன் என்றும் கொள்வோம். மொத்த எடையில் நான்கில் ஒரு பங்குகூட உந்து சக்கரங்களின் மேல் இல்லை. மற்றச் சக்கரங்கள் சும்மா உருள்பவை. பெட்டிகளைக் கூட்டினால் வண்டி இன்னும் மெல்லவே கிளம்பும்.

மெமுவில் நான்கு பெட்டிக்கு ஒன்று மோட்டார்ப் பெட்டி. அதிலும் பயணிகள் அமர்வதால், கூட்டத்தின் எடையும் சக்கரப் பிடிப்புக்கு உதவுகிறது. மேலும் நான்கு பெட்டிகளைச் சேர்த்தால், அவை தமக்குரிய மோட்டார்களோடே வந்து சேரும். ஆகவே நின்று நின்று செல்லும் வண்டிக்கு இதுவே ஏற்றது. தடை போடும்போது புதிய வகை மெமுவின் மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பித் தருகின்றன. இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், காட்பாடியில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை.

இத்தனை இருந்தும் வண்டி ஏன் இடைநிலையங்களில் காத்துக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். இது ஒற்றைப் பாதையாக அமைந்ததே காரணம். எதிர்வண்டி கடந்த பின்னரே நம் வண்டி நகர முடியும். இரண்டாம் பாதை அமைக்க 1,332 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கிளம்பும் வேகத்தில் மெமு மிச்சப்படுத்தும் நிமிடங்கள் அப்பாதை முடிந்தால்தான் முழுமையாக நம் கைக்கு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020இல் பெருந்தொற்றால் நின்ற பாசஞ்சர் வண்டிகள் மீண்டும் ஓடியபோது, விரைவு வண்டிக் கட்டணம் வாங்கப்பட்டது. 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாயாயிற்று. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். சித்தூரிலிருந்து வேலூர் மருத்துவமனைக்குச் செல்லும் ஏழை நோயாளிக்கும், உதவித்தொகையை எண்ணிச் செலவிடும் மாணவனுக்கும் அந்த 20 ரூபாய் சிறிதன்று. எஃகும் மோட்டாரும் மாறட்டும், மாற வேண்டியவையே. ஆனால் எல்லா ஊரிலும் நிற்பதும், எளியவர் ஏறக்கூடிய கட்டணமும் பாசஞ்சர் வண்டியின் உயிர். வண்டியின் வயதைக் கணக்கிடுவோர், அதில் ஏறுவோரின் வருவாயையும் கணக்கிட வேண்டும்.