விட்டுப்போன படிப்பு யார் கணக்கில்?

ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வரவில்லை. "வீட்டில் கவனிப்பு இல்லை" என்கிறது பள்ளி. "காலனிப் பிள்ளைக்கு அவ்வளவுதான் ஏறும்" என்கிறது ஊர். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. எட்டாவது முடியும் முன்பே கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ பெற்றோரோடு கிளம்பிவிடுகிறது. அந்தப் பிள்ளை தானாகவா பின்தங்கியது? அதற்குச் சேரவேண்டிய படிப்பு சேரவில்லை என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கொரோனாவுக்காக 2020 மார்ச் மாதம் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. இடைப்பட்ட 19 மாதங்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் கேட்டார்கள். நம் தெருக்களில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தால் பெரிது. அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2022ஆம் ஆண்டு 'அசர்' ஆய்வு வந்தபோது நிலைமை வெளிச்சத்துக்கு வந்தது. தமிழ்நாட்டின் கிராமங்களில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 விழுக்காடு. 2022இல் அது 4.8 விழுக்காடாக இறங்கியிருந்தது. கொரோனாவுக்கு முன்பே கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது என்பதையும் இந்த எண்கள் சொல்கின்றன.

மரக்காணத்தில் தொடங்கியது

இதைச் சரிசெய்ய 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று, நம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். முதலில் 200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், ஒரு தன்னார்வலருக்கு சுமார் 20 பிள்ளைகள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பட்டம் படித்தும் வேலை கிடைக்காத நம் வீட்டுப் பெண்களும் அதில் இருந்தார்கள். கோயில் திண்ணை, சமுதாயக் கூடம், வீட்டு வாசல் என்று கிடைத்த இடத்தில் வகுப்பு நடந்தது.

பலன் இருந்ததா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த பொருளியல் ஆய்வாளர்கள் சொன்னது இது: விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. இழப்பு அதிகமாக விழுந்தது ஏழைப் பிள்ளைகள் தலையில். வேகமாக மீண்டவர்களும் அவர்களே. "ஏறாது" என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைத்தால் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நாளுக்கு நாற்பது ரூபாய்

ஆனால் அந்த ஆளுக்கு என்ன கொடுத்தோம்? மாதம் 25 நாள் என்று வைத்தால் நாளுக்கு 40 ரூபாய். ஒன்றரை மணி நேர வேலைதானே என்பார்கள். பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வருவதும், மறுநாள் பாடத்துக்கு ஆயத்தம் செய்வதும் எந்தக் கணக்கில் வரும்? தொண்டு என்ற பெயரில் பெண்களின் உழைப்பை மலிவாக வாங்கும் வழக்கம் அங்கன்வாடியிலிருந்தே தொடர்கிறது. போகப் போக மையங்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

இன்னொரு பக்கம் ஒன்றிய அரசு. 'பி.எம். ஸ்ரீ' பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டில் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு அரசுகளின் வழக்கில் வாய்தா வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் வயது வாய்தா வாங்காது.

கருணையா, கடமையா?

பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பது யாரும் போடும் பிச்சை அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 4, படிப்பை இடையில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், மற்றவர்களுக்கு இணையாக வர சிறப்புப் பயிற்சி தரவும் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது பிரிவு 24.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டியல் சாதியினர் துணைத்திட்டத்தின்படி, மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கவேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 29 விழுக்காட்டுக்கும் மேல். இதற்கென்றே 2024இல் மாநிலச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் எல்லாருக்குமான திட்டத்தில் காலனிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று காட்டி ஏட்டில் கணக்கை நேர்செய்வது பழைய வழக்கம். அந்தப் பணம் எந்தத் தெருவில், எத்தனை பிள்ளைகளுக்குச் செலவானது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. ஆதிதிராவிடர் குடியிருப்புகள் அனைத்திலும் நிரந்தர மாலை வகுப்பு நடக்கவேண்டும். அதற்கான செலவைத் துணைத்திட்ட நிதியில் தனித் தலைப்பில் காட்டவேண்டும். கற்பிப்பவருக்கு ஊக்கத்தொகை அல்ல, ஊதியம் வேண்டும். மையம் எந்தத் தெருவில் நடக்கிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். ஊர்த்தெருவில் மையம் வைத்துவிட்டு, காலனிப் பிள்ளை வரவில்லை என்று பதிவேட்டில் எழுதும் வேலை இனி நடக்கக் கூடாது.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது கேட்டுப் பெற எந்தச் சட்டமும் இல்லை. இன்று நம் கையில் சட்டம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அதில் நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதம் உண்டு. நம் தெருவிலிருந்து அதில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அடுத்த கிராம சபையில், வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு வந்த பணம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.