திருவுளமும் அடுக்களையும்

கிறித்தவ அன்பர்களின் கடிதங்களிலே ‘தேவ சித்தமானால் வருவேன்’ என்றொரு தொடர் பயில்வதை நேயர்கள் கண்டிருப்பர். நாளைக்கு இன்ன நகருக்குச் சென்று வணிகஞ் செய்து பொருளீட்டுவோம் எனக் கணக்கிடுவோரை, உயிரின் நிலையாமை கூறி இடித்துரைக்கும் யாக்கோபு நிருபத்தின் 4 ஆம் அதிகாரமே இவ்வழக்கிற்கு மூலம். எழுதுவதற்கு எளிய தொடர்தான். எழுதிய கை அதனை நாள்தோறும் வாழ்ந்து காட்டுதல் எளிதோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். பண்டிதனுக்கு அவ்வழியன்றிப் பிறிதொரு வழி தெரியாது. கிரேக்க மூலத்திலே ‘தெலேமா’ என நிற்பது விருப்பம், நாட்டம் என்னும் பொருளது. வடமொழியில் மனத்தைச் சுட்டும் ‘சித்தம்’ என்னும் சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பாளர் அதற்கு ஈடாக்கினர். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடிச்செய்து 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ ‘திருவுளம்’ என்றது. பின்னையதே என் செவிக்கு இனிது. சைவர் நாவிலும் பழகிய சொல்லன்றோ! இவர்கள் ‘விதி’ என்று பெயர்க்காமையை மாணாக்கர் உற்றுநோக்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சிலே விதி என்பதற்கு உள்ளமில்லை. முறையிட்டாற் கேட்கச் செவியுமில்லை. உளமுடையவனிடத்தேதான் ஒருவன் வழக்காடவும், வழக்காடியபின் அடங்கவும் கூடும்.

இயேசுபிரான் வழக்காடியே அடங்கினார். கெத்செமனேத் தோட்டத்திலே துன்பப் பாத்திரம் தம்மைவிட்டு அகலுமாறு வேண்டினார். மூன்றுமுறை சென்று செபித்தார் என்பர் மத்தேயு. வியர்வை இரத்தத் துளிகள் போல வீழ்ந்தது என்பர் லூக்கா. தந்தையின் திருவுளத்துக்கு இசைந்தது இத்தனை போராட்டத்தின் நடுவிலேதான். ஒன்றுங் கேளாது இசைவதே பணிவு எனப் போதிப்பாரும் உளர். யான் அதனை ஒப்பேன். தனக்கோர் ஆசையிருந்ததையே மறைப்பவன் எதனைத்தான் ஒப்புக்கொடுக்கிறான்?

இஃது பெருந்துன்ப வேளையின் நிலை. அன்றாட வாழ்விலோ சிலுவை அத்துணைப் பெரிதாக வருவதில்லை. பாத்திரங் கழுவும் வேலையாகவே வருகிறது. அதற்கு நான் அறிந்த நல்ல சான்று ஒரு சமையற்காரர்.

இன்றைய பிரான்சின் லொறெயின் பகுதியிலே 1614 ஆம் ஆண்டளவிற் பிறந்த நிக்கொலா எர்மான் என்பவர் இளமையிற் போர்வீரர், போரிற் காயமுற்றவர். பின்னர் ஒரு செல்வரிடம் ஏவலாளராயிருந்தார். அக்காலத்திற் கையிற் பட்டதையெல்லாம் உடைக்கும் அசமந்தனாயிருந்ததாக அவரே கூறியுள்ளார். 1640 இல் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்திற் குருவல்லாத பணிச்சகோதரராகச் சேர்ந்து லோறன்ஸ் எனப் பெயர் பெற்றார். தம் அசட்டுத்தனத்துக்கெல்லாம் அங்கே தக்க தண்டனை கிடைக்குமென்று எண்ணிச் சென்றாராம், கிடைத்ததோ மனநிறைவு. கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று பின்னாளிற் சொல்வாராம்.

மடத்தார் அவரை விட்ட இடம் அடுக்களை. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்லால் நாம் ‘குசினி’ என்கின்றோமே, அவ்விடத்தின்மேல் அவருக்கு இயல்பாகவே பெருவெறுப்பு. ஆயினும் 15 ஆண்டுகள் அங்கே உழைத்தார். சட்டியிலே முட்டைப்பொரியலைத் திருப்பிப்போடுவதையும் கடவுள்மீதுள்ள அன்பினாற் செய்தார். நிலத்திற் கிடந்த துரும்பை எடுப்பதும் அவ்வாறே. செபவேளை வேறு, வேலைவேளை வேறு என்ற பிரிவை அவர் ஏற்கவில்லை. தவறியபோது தம் குறையை ஒப்புக்கொண்டு, நீர் கைவிட்டால் நான் இப்படித்தான் என்று இறைவனிடஞ் சொல்லிவிட்டு, மேலும் வருந்தாது வேலையைத் தொடர்வார்.

ஒருமுறை மடத்துக்கு மது வாங்கிவருமாறு பேர்கண்டிக்கு அனுப்பப்பட்டார். வணிகத் திறமை சிறிதுமில்லை; காலோ ஊனம். படகிலே இடம்பெயர வேண்டுமாயின் பீப்பாக்களின்மேல் உருண்டே செல்லவேண்டும். இது உம்முடைய காரியம் என்று கடவுளிடங் கூறிவிட்டு உருண்டார். காரியமும் செவ்வனே முடிந்ததாம். கடவுளிடம் விட்டேன் என்று மடத்திலே கிடந்துவிடாமல், உருண்டு உருண்டு சென்றாரே, அவ்விடமே எனக்கு மிகச் சுவையானது. ஒன்றுஞ் செய்யாதிருத்தலே சரணடைதல் என்னும் போக்கும் அந்நூற்றாண்டில் எழுந்ததுண்டு. அத்தகைய கருத்துக்களுக்காக மொலினோஸ் என்னும் ஸ்பானியக் குருவைத் திருத்தந்தை 11 ஆம் இன்னசென்ற் 1687 இற் கண்டித்தார்.

லோறன்சுக்கு எல்லாம் இனிமையாயிருந்ததென்று எண்ணவேண்டா. தாம் நரகுக்கே உரியவர் என்னும் அச்சம் நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. என்ன நேரினும், சாகும்வரை கடவுளுக்காகவே செய்வதைச் செய்வேன் என்ற முடிபொன்றே அவரைத் தாங்கிற்று. 1691 பெப்ரவரி 12 இல் அவர் மறைந்தபின், போபோர் என்னும் குருவானவர் அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார்.

லோறன்ஸ் இறைசித்தத்தைத் தமக்கே சொல்லிக்கொண்டார். பிறருடைய துன்பத்தின்மேல் ஏற்றிச் சொல்லவில்லை. இவ்வேற்றுமை பெரிது. யோபுவின் நண்பர் மூவரும் முதலில் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையிலிருந்து வாய்திறவாதிருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் நல்லது அதுவே. பின்னர்க் கடவுளின் செயலுக்குக் காரணங் கற்பித்துப் பேசத் தொடங்கினர். நூலின் இறுதியிலே கடவுள் சினந்தது அவர்கள்மேற்றான், முறையிட்ட யோபுமேல் அன்று.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபின், முல்லைத்தீவுக் கரையோரத்தில் இரு மக்களை இழந்த ஒரு தாயாரைக் காணச் சென்றிருந்தேன். வந்தவர் ஒருவர், “எல்லாம் தேவ சித்தம் அம்மா” என்றார். அவ்வம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில மாதங்கழித்து நலன்புரி முகாமொன்றின் பொதுக் குசினியிலே அவரை மீண்டும் கண்டேன். பெரிய கிடாரத்திற் கஞ்சி துழாவிக்கொண்டு நின்றார். நான் ஒன்றுங் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “ஆண்டவற்றை சித்தம் என்னெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை, மாஸ்டர். இந்தப் பிள்ளையளுக்குப் பசிக்குது, அது விளங்குது. அந்தக் கோப்பையளை இஞ்சாலை எடுத்துத் தாங்கோ.”