பிள்ளைகளின் படிப்பும் நிலத்தின் வரும்படியும்

கிணறு வெட்டவும் வரப்பு உயர்த்தவும் வண்டல் அடிக்கவும் பணம் செலவிடும் குடியானவர் அதனை நஷ்டமென்று கருதுவதில்லை. பின்வரும் பல போகங்களில் அது திரும்பி வருமென்பதை அவர் அறிவார். ஆனால் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போர் சிலரே. "உழுகிறவனுக்குப் படிப்பு எதற்கு?" என்ற கேள்வி கிராமங்களில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வந்ததாகும். அதற்குக் கணக்காகவே விடை கூறுவோம்.

செலவு

சர்க்கார் பள்ளிகளில் 6 வயது முதல் 14 வயது வரை இலவசமாகக் கல்வி பெறுவது, 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் சட்டப்படி பிள்ளைகளின் உரிமையாக இருக்கிறது. எனினும், சம்பளம் இல்லாமையால் மட்டும் படிப்பு செலவற்றதாகிவிடாது. நடவிலும் அறுப்பிலும் பிள்ளை செய்யக்கூடிய வேலை வீட்டாருக்கு இல்லாமற் போகிறது. மெய்யான செலவு இதுவே. காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-இல், பள்ளிகளில் பரவலாகத் தொடங்கப்பட்ட பகலுணவு ஏழைக் குடும்பங்களுக்கு இந்நஷ்டத்தை ஓரளவு ஈடு செய்தது.

வரவு

1979-இல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ், 1964-இல் வெளியிட்ட தமது நூலில், விவசாய முறை தலைமுறை தலைமுறையாக மாறாதிருக்கும் இடங்களில் குடியானவர்கள் தம்மிடமுள்ளதைத் திறம்படவே பயன்படுத்துகிறார்கள் என்றார். அங்கே தந்தையின் அனுபவமே போதிய ஆசான். புது வித்தும் புது உரமும் வரும்போதுதான் பள்ளிப் படிப்பின் பயன் வெளிப்படுகிறது.

இக்கருத்து நம் நாட்டிலேயே சோதிக்கப்பட்டது. 1960-களின் பிற்பகுதியில் புதிய கோதுமை, நெல் ரகங்கள் பரவின. தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 பயிராயிற்று. 1968 முதல் 1971 வரை நாலாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியக் கிராமக் குடும்பங்களிடம் சேகரித்த விவரங்களை ஃபாஸ்டர், ரோசன்ஸ்வீக் என்னும் இருவர் ஆராய்ந்து 1996-இல் முடிவுகளை வெளியிட்டனர். புதிய வித்துக்கள் நன்கு பலனளித்த பிரதேசங்களில், ஆரம்பப் பள்ளியளவு படித்த குடியானவர் படியாதவரைவிட அதிக லாபம் அடைந்தார். மாறுதல் இல்லாத இடங்களில் படிப்பின் பயன் சொற்பமாகவே இருந்தது.

இதன் காரணம் எளிது. 45 கிலோ யூரியா மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து; ஆகவே ஒரு மூட்டையில் சற்றேறக்குறைய 21 கிலோ உண்டு. இதைக் கணக்கிடத் தெரிந்தவர் வேண்டிய அளவே இடுவார். தெரியாதவர் அண்டை வயலைப் பார்த்து இடுவார். பூச்சிமருந்துப் புட்டியிலுள்ள சிவப்பு அடையாளம் கொடிய விஷத்தைக் குறிப்பதென்றும், தெளித்தபின் அறுப்புக்கு எத்தனை நாள் பொறுக்கவேண்டுமென்றும் படித்தறிவது பணத்தை மட்டுமல்ல, உயிரையும் காக்கும்.

பெண் பிள்ளைகள்

பெண்ணின் படிப்பு புகுந்த வீட்டுக்கே பயன்படும் என்று சிலர் எண்ணுவர். அக்காலத்து இந்தியக் கிராமங்களையே ஆராய்ந்து 1999-இல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில், எழுத்தறிந்த தாய்மாரின் பிள்ளைகள் வீட்டில் அதிக நேரம் படித்தது தெரியவந்தது. ஆகவே, பெண்ணுக்கு இட்ட முதல் அடுத்த தலைமுறையிலும் பலன் தருகிறது.

படித்த பிள்ளை ஊரை விட்டுப் போய்விடுவான் என்ற அச்சமும் நியாயமானதே. சிலர் போகத்தான் செய்வர். ஆனால் நாலு பிள்ளைகளும் சிறு நிலத்தையே நம்பி அதைத் துண்டாடுவதினும், இருவர் வேறு தொழிலில் ஜீவிப்பது குடும்பத்துக்கு மேலன்றோ?

நடவுக் காலத்தில் சில நாள் கூலியை மிச்சப்படுத்தப் பிள்ளையை நிறுத்தினால், பாடம் விட்டுப்போய், அவன் பள்ளிக்குத் திரும்பாமலே இருந்துவிடக்கூடும். கிராம உத்தியோகஸ்தர்கள் அந்நாட்களில் வீடுதோறும் சென்று பெற்றோருக்கு இதை எடுத்துரைப்பார்களாக. நிலமுடையோரும் தம் வயல் வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழையாதிருத்தல் வேண்டும். விதை நெல்லைச் சமைத்துண்ணும் குடியானவர் எவருமில்லை. பிள்ளைகளின் பள்ளி நாட்களையும் அவ்வாறே பேணுதல் நலம்.