இரத்தப் பெருக்கை நிறுத்துவது எப்படி?

அரிவாளும் மண்வெட்டியும் விவசாயியின் கைக்கருவிகள். அவற்றோடு இன்று கதிரறுக்கும் இயந்திரமும் தீவனம் நறுக்கும் இயந்திரமும் சேர்ந்துள்ளன. கருவி உள்ள இடத்தில் காயமும் நேரும். சிறு கீறல் தானே ஆறிவிடும். பெரிய இரத்தக் குழாய் அறுபட்டாலோ, அருகில் நிற்பவர் முதற் சில நிமிடங்களில் செய்வதே உயிரைக் காக்கும். வயது வந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தமே உள்ளது. அதில் 2 லிட்டர் வெளியேறினால் உயிருக்கு அபாயம்.

எமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவரின் காலில் கத்தி ஆழமாகப் பாய்ந்தது. ஒருவர் காப்பித்தூளைக் கொண்டுவந்து அப்பினார். மற்றொருவர் இரத்தம் நின்றுவிட்டதா என்று துணியை அடிக்கடி விலக்கிப் பார்த்தார். விலக்குந்தோறும் இரத்தம் பீறிட்டது. பணிகளைப் பார்வையிடச் சென்றிருந்த நாங்களும் செய்வதறியாது நின்றோம். உடன் வந்த கிராம சுகாதார செவிலியர் ஒரு துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இரு கைகளாலும் அழுத்தினார். வண்டி வரும்வரை கையை எடுக்கவில்லை. தொழிலாளி பிழைத்தார். அந்த அம்மையார் செய்தது எவரும் செய்யக்கூடியதே.

இரத்தம் உறையும் தன்மையுடையது. அழுத்தினால் ஓட்டம் தடைப்பட்டு, அறுபட்ட வாயில் இரத்தம் உறைந்து அடைப்பாகிறது. துணியை விலக்கினால் அவ்வடைப்புப் பெயர்ந்துவிடும். ஆகவே கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளல் வேண்டும்:

1. காயம்பட்டவரைப் படுக்கவைத்து, 108 எண்ணுக்குத் தொலைபேசி செய்யச் சொல்லுங்கள். இயலுமாயின் கைகளில் உறை அல்லது பிளாஸ்டிக் பை அணியுங்கள்.

2. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, குறைந்தது 10 நிமிடம் விடாது அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல், அதன்மேல் மற்றொரு துணியை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். நின்றபின் துணியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

3. காயத்தில் ஏதேனும் குத்தி நின்றால் பிடுங்கலாகாது. அதன் இருபுறமும் அழுத்துங்கள்.

4. கை, கால் காயத்தில் அழுத்தியும் இரத்தம் நில்லாவிடில் மட்டும், காயத்துக்கு 2 அல்லது 3 அங்குலம் மேலே, மூட்டின்மீது படாமல், 2 அங்குல அகலத் துணியால் கட்டி, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கயிறும் கம்பியும் சதையை அறுக்கும், வேண்டா. கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அதை மருத்துவரே அவிழ்க்க வேண்டும்.

5. போர்வை போர்த்தி உடற்சூட்டைக் காத்திடுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாமாதலால் உணவோ நீரோ கொடுக்கலாகாது.

காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம், மண் ஆகியவற்றைக் காயத்தில் அப்புவது பெருந் தீங்கு. மண்ணிலும் சாணத்திலும் ரண ஜன்னிக் கிருமிகள் இருக்கக்கூடும். ஆதலின் காயம் சிறிதாயினும், ரண ஜன்னித் தடுப்பூசி வேண்டுமா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிவது நலம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு எமது வேண்டுகோள் இரண்டு. பஞ்சாயத்து அலுவலகத்திலும், அறுவடைக் காலத்தில் களத்திலும், சுத்தமான துணி, கட்டுத்துணி, கையுறை, கத்தரிக்கோல் அடங்கிய பெட்டி ஒன்று இருக்கட்டும். அடுத்த கிராம சபையில் செவிலியரை அழைத்து இம்முறையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தம் கையால் ஒருமுறை அழுத்தியும் கட்டியும் பழகட்டும். பழகிய கை ஆபத்து வேளையில் தயங்காது.