எந்த சர்ச்சுக்குப் போறீங்க?

நீலகிரி மலை ஏறிய முதல் ஐரோப்பியர்கள் ஒரு சபையைத் தேடி வந்தவர்கள். 1602 வாக்கில் அங்கமாலி ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸின் காதுக்கு ஒரு பேச்சு எட்டியது. தோமா கிறிஸ்தவர்களிடமிருந்து என்றைக்கோ பிரிந்துபோன கூட்டம் ஒன்று, குருவும் கோயிலும் இல்லாமல் நீலகிரியின் தோடமலையில் வாழ்கிறதாம். ஆயர் முதலில் ஆளனுப்பிப் பார்த்தார். அடுத்து, 1603இல், கோழிக்கோட்டிலிருந்து யாக்கோமே பெனிசியோ என்ற இயேசு சபைக் குரு கிளம்பினார். தோடர்களைப் பார்த்தார், படகர்களைப் பார்த்தார், எருமைகளைப் பார்த்தார். தேடி வந்த கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. அவர் எழுதிய கடிதத்தை மானுடவியல்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த ஆயரின் கவலைதான். எங்கோ காட்டு மலையில் நாலு பேர் சபையில்லாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இன்று அதே மலையில் ஆலயத்துக்குப் பஞ்சமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் 100 பேரில் 11 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டுச் சராசரி 6 சொச்சம்தான். குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை காலை மணிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. கத்தோலிக்கப் பங்கு, சி.எஸ்.ஐ. சபை, பெந்தெகொஸ்தே சபை, எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம் என்று எல்லாம் உண்டு. இருந்தும் "எந்த சர்ச்சுக்குப் போறீங்க?" என்று கேட்டால், "எல்லாத்துக்கும் போவோம் பிரதர்" என்று பதில் சொல்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். காலையில் யூடியூபில் ஒரு பிரசங்கம், கோடை வந்தால் எங்காவது ஒரு கன்வென்ஷன், காணிக்கை ஜிபேயில். எல்லாத்துக்கும் போகிறவரை எந்தச் சபையும் தேடுவதில்லை. யாருடைய பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

2020 இந்தப் பழக்கத்துக்கு உரம் போட்டது. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12; ஊரடங்கின் நடுவில், பூட்டிய ஆலயங்களோடு விடிந்தது. போதகர்கள் செல்போனைப் பார்த்துப் பிரசங்கித்தார்கள். அப்போது வேறு வழியில்லை. செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் திறந்தன. ஆனால் சிலர் திரும்பவே இல்லை. குளிரில், மழையில், மேட்டு வழி ஏறிப் போவதைவிடப் போர்வைக்குள் ஆராதனை சுகம் என்று கண்டுகொண்டார்கள். வீட்டைவிட்டு நகர முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்தத் திரை பெரிய உதவி. அவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை.

சபை எதற்கு என்ற கேள்விக்கு இந்த மலையின் வரலாறே பதில் சொல்கிறது. குன்னூருக்குப் பக்கத்திலிருக்கும் கேத்தியில் 1846இல் பாசல் மிஷன் வேலை தொடங்கியது. ஜார்ஜ் காஸமேஜர் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் துணை நின்று, 1849இல் இறக்கும்போது தன் சொத்தையும் விட்டுப்போனார். மெட்ஸ் என்ற மிஷனரி, படகர் ஊர்களான ஹட்டிகள்தோறும் நடந்தார். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல்தான். பன்னிரண்டு வருஷம்! பிரசங்கத்தைக் கேட்க ஆளில்லாமல் அல்ல. ஒரு படகருக்கு நிலம், கல்யாணம், சாவு, திருவிழா எல்லாமே ஹட்டியோடு பிணைந்தவை. ஞானஸ்நானம் பெற்றவருக்கு ஊர் இல்லை, பந்தி இல்லை, பெண் கொடுக்க ஆளில்லை. இயேசுவை நம்பு என்று சொன்னால் மட்டும் போதாது, ஊரை இழந்தவருக்கு இன்னொரு ஊரையும் காட்ட வேண்டியிருந்தது. சபைதான் அந்த ஊர். முதல் உலகப் போர் வந்ததும் பாசல் மிஷனின் ஜெர்மானியர்களை அரசு காவலில் வைத்தது, பிறகு நாட்டைவிட்டே அனுப்பியது. மிஷனரிகள் போனார்கள், படகக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கேத்திச் சபை இன்று சி.எஸ்.ஐ. கோயம்புத்தூர் திருமண்டலத்தில் இருக்கிறது.

இன்னொரு கூட்டம் கடல் கடந்து வந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய டேன்டீ. அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களுடைய சபைக்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 1850களில் கண்டிப் பகுதி காப்பித் தோட்டங்களில் ஆங்கிலிக்க மிஷன் ஒன்று தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஊழியம் தொடங்கியது. அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கப்பலேறிப் போய் அங்கே சபைகளைக் கட்டினார்கள். நூறு வருஷம் கழித்து அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு நீலகிரியில் இறங்கினார்கள். பிறந்த மண் அந்நியமாகிவிட்டது, வந்த மண்ணில் 'சிலோன்காரன்' என்ற பட்டம். இப்படி வந்து இறங்கிய குடும்பத்துக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் ஒன்று வேண்டாமா? ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்று இருந்தால் போதும், எந்த ஊர் ஆலயத்திலும் போய், "நாங்களும் உங்க சபைதான்" என்று சொல்ல முடியும். ரேஷன் கார்டு வருவதற்கு முன்பே கிடைக்கிற உறவு அது.

குன்னூரே வந்தேறிகளின் ஊர்தானே. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் பட்டாளம், எஸ்டேட்டுகள் என்று பிழைக்க வந்தவர்களால் நிரம்பியது. மேல் குன்னூர் ஆல் செயிண்ட்ஸ் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலேயப் பெயர்களைப் படித்துப் படமெடுக்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். அந்த வெள்ளைக்காரர்களும் வீட்டைவிட்டு வந்தவர்கள்தான், புதைக்கவாவது ஒரு சபை வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

புதைப்பது என்று சொன்னதும் ஒரு பழைய சண்டை நினைவுக்கு வருகிறது. பத்து வருஷம் ஆலயப் பக்கம் தலைகாட்டாத குடும்பத்தில் ஒரு சாவு விழும். மகன் ஓடிவருவார்: ஐயர் வர வேண்டும், கல்லறையில் இடம் வேண்டும். கமிட்டிக்காரர் சந்தா நோட்டைப் பிரிப்பார்: பாக்கியைக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் தப்பு. பிணத்தை வைத்துக்கொண்டு பாக்கி கேட்பது அசிங்கம். கமிட்டிகள் அதை நிறுத்த வேண்டும். ஆனால் சாவுக்கு மட்டும் நினைவுக்கு வருகிற சபையை உயிரோடு வைத்திருந்தது யார்? மாதச் சந்தா கட்டியவர்களும், கைப்பிடி அரிசி எடுத்து வைத்த பெண்களும், அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறிக் கூடை சுமந்து வந்தவர்களும்தான்.

சபையின் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறைக் காரியங்கள். கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்ல ஊருக்கு வாய்ப்பு. பின் பெஞ்சில் உட்காரும் பாட்டி இரண்டு வாரம் வரவில்லையென்றால், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து யாராவது ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு போய்ப் பார்ப்பார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் இதற்காகவே அன்பியம் என்று தெருத் தெருவாகக் குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஊட்டி காந்தல் குருசடிக்கு வருஷம் ஒருமுறை போய் மெழுகுவத்தி ஏற்றுவது பக்திதான்; ஆனால் அங்கே கூடும் கூட்டத்தில் நீங்கள் வராததை யாரும் கவனிக்கப் போவதில்லை.

"சபைக்குள்ள போனா சண்டைதான்" என்பார்கள். பொய்யில்லை. தேர்தல், கோர்ட்டு வழக்கு, சாதி பார்த்து ஓட்டு, சாதி பார்த்துக் கல்லறை என்று தமிழ்நாட்டுச் சபைகளின் கறைப் பட்டியல் நீளமானது. ஆனால் சபைச் சண்டை புதிதல்ல. பவுல் எழுதிய நிருபங்களைப் பாருங்கள்: பெரும்பாலானவை கொரிந்து, பிலிப்பி, தெசலோனிக்கே என்று ஊர்ப் பெயர் தாங்கியவை. கொரிந்துச் சபையில் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். திருவிருந்துக்கு வந்த இடத்தில் இருப்பவன் வயிறாரச் சாப்பிட இல்லாதவன் பட்டினி கிடந்தான். பவுல் கடுமையாகக் கண்டித்தார், மறுபடியும் கடிதம் எழுதினார். வேறு நல்ல சபை பார்த்துப் போங்கள் என்று எழுதவில்லை.

சபையில் சேர முடியாதவர்களும் உண்டு. ஹெர்பர்ட் ஹோஃபர் என்ற இறையியலாளர் 1980களின் தொடக்கத்தில் சென்னையில் ஆய்வு செய்து, ஞானஸ்நானம் பெறாமலே கிறிஸ்துவை வழிபடுகிறவர்கள் ஏராளம் என்று எழுதினார். கணவன் வீட்டுக்குத் தெரியாமல் ஜெபிக்கும் பெண்ணும் இந்த நாட்டில் உண்டு. பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி அந்தத் தகுதியை இழக்கிறார்கள். அதனால் பெயர் பதியத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. தடை எதுவும் இல்லாமல், அலுப்பினால் மட்டும் வீட்டில் இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன்.

அலுப்புக்கு இடம் கொடுக்காத ஒருவரைச் சொல்கிறேன். மதுரையிலும் சென்னையிலும் சி.எஸ்.ஐ. ஆயராக இருந்த லெஸ்லி நியூபிகின், 1974இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து போனார். பர்மிங்ஹாமில் ஒரு சிறைச்சாலைக்கு எதிரே, மூடிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு சபை ஒன்று இருந்தது. எழுபது வயதில் அதற்குப் போதகராகப் போய்ச் சேர்ந்தார். உலகம் முழுக்கக் கூப்பிட்டுப் பேசச் சொன்ன மனிதர், விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தச் சபையாரோடு ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்தார். சுவிசேஷம் என்னவென்று ஊருக்குப் புரிய வேண்டுமானால், அதை நம்பி வாழும் ஒரு சபை ஊருக்குள் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஆலயத்துக்கு வருகிற ஞாயிறு போங்கள். பாட்டு சுமாராக இருக்கலாம், பிரசங்கம் நீளலாம். முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஓடாமல், செயலாளரைத் தேடிப் பிடித்துக் குடும்பத்தார் பெயர்களைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய ஊரிலிருந்து மாற்றல் கடிதம் வாங்காதவர்கள் இந்த வாரமே கேட்டு எழுதுங்கள்.